நாங்கள் அளக்காத மதியம்

"1959 பிப்ரவரி 17, செவ்வாய். பிற்பகல் மூன்று. தையற்கூடம், சன்னல்கள் திறக்குமுன். உள்ளே, வெளியைவிட அதிகம். பம்பைப் பார்க்கவும்."

அன்றைய என் கைக்குறிப்பு இவ்வளவுதான். காற்றிலுள்ள தூசியை அளக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எதைச் சொல்வது என்று யோசித்தபோது, கடைசியில் உள்ள அந்த இரண்டு சொற்களில்தான் மனம் போய் நின்றது. எதிர்பாராத எண் ஒன்று வந்தால் நம் கை முதலில் கருவியின் பக்கம் போகிறது. போவதில் தவறில்லை. கருவி நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கை எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு சிறிய சுகாதார ஆய்வகத்தில் உதவியாளன். 1954 நவம்பரில் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. படிவங்கள் மாறின, முத்திரைகள் மாறின, பிரெஞ்சில் எழுதியதை ஆங்கிலத்திலும் எழுத வேண்டியதாயிற்று. ஆய்வகத்தில் மாறாமல் நின்றவை இரண்டு: நுண்ணோக்கி, மதிய ஓய்வு. பன்னிரண்டு அடித்ததும் எங்கள் தலைவர் நுண்ணோக்கிக்கு உறை போட்டுவிடுவார். மூன்று மணிக்குத்தான் மறுபடி எடுப்பார். ஊரே அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரத் தெருவிலும் தமிழர் தெருவிலும் மரச் சன்னல்கள் சாத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் சாவுச் செய்தி கொண்டு வந்திருக்க வேண்டும்.

தலைவரின் பெயரை எழுதவில்லை. தம்மைப் பற்றி யாரும் எதுவும் எழுதக்கூடாது என்பது அவர் விருப்பம். பெயரை மட்டும் விட்டுவிட்டு அந்த விருப்பத்தில் பாதியை நிறைவேற்றுகிறேன். தமிழர், பிரெஞ்சில் படித்தவர், எல்லாரும் அவரை முசியே என்றுதான் அழைத்தோம்.

ஓர் அறையின் காற்றில் எவ்வளவு தூசி இருக்கும் என்று கணக்குப் போட அவர் எங்களுக்குக் கற்றுத் தந்த வழி எளிது. அறையைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள். வெளிக்காற்றோடு தூசி உள்ளே வருகிறது. உள்ளேயே கொஞ்சம் கிளம்புகிறது. கொஞ்சம் தரையில் படிகிறது, கொஞ்சம் வெளியேறிப் போகிறது. வருவது, கிளம்புவது, போவது மூன்றும் தெரிந்தால் இருப்பது தெரியும். இன்றைக்கு நீங்கள் கணினியில் போடும் கணக்கும் அடிப்படையில் இதுதான். எங்களிடம் இருந்தது, காற்றை உறிஞ்சி அதிலுள்ள தூசியைப் பசை தடவிய கண்ணாடித் துண்டில் ஒட்டவைக்கும் கைப்பம்பு ஒன்று. அதை நுண்ணோக்கியில் வைத்துத் துகள்களைக் கண்ணால் எண்ணினோம்.

காற்று எவ்வளவு வேகத்தில் அறையை விட்டுப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியை லாஸ்பேட்டை வீடு ஒன்றில், ஒரு தொல்லையின் மூலம் கற்றோம். நாங்கள் அளக்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டு அம்மாள் சாம்பிராணி போட்டுவிடுவார். "ஆபீசருங்க வர்றீங்க, வீடு வாசனையா இருக்க வேணாமா?" என்பார். மூன்று நாள் மாதிரிகள் வீண். நான் எரிச்சலோடு பெட்டியை மூடினேன். முசியே அந்த அம்மாளிடம், "இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். புகை எவ்வளவு நேரத்தில் பாதியாகிறது என்று பார்த்தால், அந்த அறையின் காற்று எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்று தெரிந்துபோயிற்று. அதன் பிறகு எங்கள் பெட்டியில் சாம்பிராணிக்கும் ஓர் இடம் இருந்தது.

இனித் தையற்கூடம். நகரின் தென்பகுதியில், ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் கீழ்த்தளம். ஏழைப் பெண்களுக்கு வேலை தருவதற்காக ஒரு தரும சங்கம் நடத்தியது. மேற்பார்வை செய்த அம்மையாரை எல்லாரும் மதாம் என்பார்கள். பெண்கள் விரிப்பு, உறை, ஆஸ்பத்திரிக்கு மெத்தை, தலையணை எல்லாம் தைத்தார்கள். சில மாதங்களாக அங்கே பலருக்கு இருமல். ரோசாலி என்ற பெண்ணுக்குத்தான் மிக அதிகம், பதினெட்டு வயதிருக்கும். சன்னல் விளிம்பில் தினமும் வெள்ளைத் தூசி படிகிறது, கடற்கரையை ஒட்டி, கிளிஞ்சல் சுடும் சுண்ணாம்புக் காளவாய்தான் காரணம், அதை மூட வேண்டும் என்று மதாம் நகரசபைக்கு எழுதினார். அளந்து சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது.

காலையில் ஒன்பதரைக்கு அளந்தோம். பிற்பகலில் மூன்றரைக்கு அளந்தோம். காலையில் உள்ளேயும் வெளியேயும் குறைவு. பிற்பகலில் இரண்டிலும் அதிகம். நண்பகல் வாக்கில் கடற்காற்று எழுந்து தென்கிழக்கிலிருந்து வீசும்; காளவாய் இருப்பதும் தென்கிழக்கில். இதைவிடத் தெளிவாக ஒரு வழக்கு அமையுமா? காளவாய்தான் என்று முசியே அறிக்கை எழுதி அனுப்பினார். 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை சுகாதாரக் குழு கூடி முடிவு செய்வதாக இருந்தது.

அதற்குள் இன்னொரு தொகுதி மாதிரி இருக்கட்டும் என்றுதான் 17ஆம் தேதி போனேன். கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். சன்னல்கள் இன்னும் திறக்கவில்லை. பெண்கள் அரையிருட்டில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்கள். அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. சாத்திய அறையில் முதல் தடவையாக அன்றுதான் பம்பை இயக்கினேன். வெளியிலிருந்து வரும் தூசிதான் காரணம் என்றால், மூன்று மணி நேரம் சாத்தியிருந்த அறையில் அது வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல.

புதன்கிழமை பம்பைப் பிரித்துப் பார்த்தோம். பழுதில்லை. வியாழக்கிழமை காலை, காளவாய்க்காரரே ஆய்வகத்துக்கு வந்தார்.

ஆரோக்கியம் என்று பெயர். கணவர் இறந்த பிறகு காளவாயைத் தனியாக நடத்தி வந்தவர். முழங்கை வரை வெள்ளை பாரித்திருந்தது. வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "நாற்காலி வெள்ளையாயிடும்" என்றார்.

"சன்னல்ல படியறது எங்க சுண்ணாம்புதான் முசியே. அத இல்லேன்னு சொல்ல வரல. அந்த ரோசாலி எம் பொண்ணு. அவ இருமறதும் அதாலதானா? அத மட்டும் சொல்லுங்க. அதாலதான்னா நீங்க ஒண்ணும் சீல் வெக்க வேணாம், நானே இடிச்சிடறேன்."

எங்கள் குமாஸ்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இடிக்கறவங்க இன்னிக்கே இடிக்கலாமே, வெள்ளிக்கெழம வரைக்கும் எதுக்கு?" என்றார்.

"நீ போட்டுட்டு இருக்கற வெத்தலைக்கு எங்க சுண்ணாம்புதான் தம்பி. அத மொதல்ல துப்பு. அப்பறமா இடிக்கறேன்."

குமாஸ்தா துப்பவில்லை, விழுங்கிவிட்டார். நாங்கள் சிரித்தோம். முசியே சிரிக்கவில்லை. அறிக்கையின் நகல் அவர் மேசைமேல்தான் இருந்தது. 'ஆமாம்' என்று சொன்னால் கையெழுத்திட்டதைச் சொன்னதாக முடிந்துவிடும். அவர் நகலை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டார்:

"திங்கக்கெழம காளவாய் ஆறியிருக்குமா?"

"ஏத்தி வெச்சிருக்கேனே முசியே. பாதி வெந்த கிளிஞ்சல எடுத்தா ஒண்ணுத்துக்கும் ஆகாது. அத்தினியும் குப்பதான்."

அந்த அம்மாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துடறேன்," என்றார். "நல்லா அளந்து பாருங்க. தப்பா மட்டும் சொல்லிடாதீங்க."

23ஆம் தேதி திங்கட்கிழமை காளவாயில் நெருப்பு இல்லை. பிற்பகல் வெளிக்காற்று, காலைக் காற்றைப் போலவே சுத்தமாக இருந்தது. சன்னல் விளிம்பில் விரலை வைத்தால் விரலில் வெள்ளை ஒட்டவில்லை. சாத்திய அறைக்குள்ளே மட்டும், 17ஆம் தேதி இருந்த அதே அளவு.

அன்று மாலை ஆய்வகத்தில் என் சக உதவியாளர் ஒருவர் ஒரு விளக்கம் சொன்னார். முட்டாள்தனமான விளக்கமல்ல, அதனால்தான் சொல்கிறேன். "முந்தின நாளுங்கள்ல வந்த சுண்ணாம்பு தரையில, துணி மடிப்புல எல்லாம் கெடக்கும். அது கெளம்பியிருக்கும். அறிக்கை அப்பிடியே நிக்கும் முசியே."

இப்படி ஒரு விளக்கம் கிடைக்கும் நேரம்தான் நம் தொழிலில் ஆபத்தான நேரம். ஏற்கெனவே எழுதியதைக் காப்பாற்றித் தரும் விளக்கம் எப்போதும் கொஞ்சம் கூடுதல் அறிவோடு தெரியும்.

முசியே, "இருக்கலாம்," என்றார். பிறகு, "கெளப்பினது யாரு?" என்றார்.

அவரே அறிக்கையின் நகலைப் புரட்டினார்.

"பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் அறையில ஆள் நடமாட்டம் இல்லேன்னு எழுதியிருக்கேன். எங்கிட்ட யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அந்த நேரத்தில் நாங்கள் தூங்கினோம். ஆகவே ஊரும் தூங்குகிறது என்று எடுத்துக்கொண்டோம். அந்த அறையில் மெத்தைகள் அடுக்கியிருந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். பஞ்சு தானாகவா மெத்தைக்குள் போகும் என்று ஒருவருமே கேட்கவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு முசியேயும் நானும் கிளம்பினோம். வெயிலில் அந்தத் தெருக்களை அந்த நேரத்தில் அவர் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குற்றம் செய்யப் போகிறவர் போல ஓரமாக நடந்தார். தையற்கூடத்துக் காவற்காரர் கதவைப் பாதி திறந்து, பதறிப்போய்க் கேட்டார்.

"யாரு முசியே செத்துட்டா?"

"இன்னும் யாரும் சாகல. வழி விடு."

"மதாம் தூங்கறாங்க."

"தூங்கட்டும். உள்ள இருக்கறவங்கள பாக்கணும்."

எல்லாச் சன்னல்களும் சாத்தியிருந்தன. மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக வந்த வெயில் கீற்றுகளில் தூசி அசையாமல் நின்றது. பெண்கள் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு, தரையில் குவிந்திருந்த இலவம்பஞ்சைக் கழியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அதைத் தலையணை உறைகளில் அள்ளித் திணித்தார்கள். ரோசாலி திணிப்பவர்களில் ஒருத்தி. எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமினாள். அந்த இருமல் முடியும்வரை நாங்கள் நின்றோம்.

"தெனம் இந்த நேரத்துலயாம்மா அடிக்கிறீங்க?" என்று முசியே கேட்டார்.

"ஆமா முசியே. மத்த நேரம் சன்னல் தொறந்திருக்கும், பஞ்சு பறந்துடும். இப்பன்னா ஊரே சாத்தியிருக்கும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மூணு மணிக்குள்ள பெருக்கி அள்ளிடுவோம்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவள் உண்மையாகவே விளங்காமல் அவரைப் பார்த்தாள். "நீங்க சுண்ணாம்பத்தான கேட்டீங்க? பஞ்சு யாரும் கேக்கலியே. பஞ்சு இன்னா பண்ணும்?"

ஒரே இடத்தில் மூன்று மாதிரி எடுப்பது எங்கள் விதி. நான் முதலாவதை எடுத்து முடித்து, இரண்டாவது கண்ணாடியைப் பொருத்தப் போனேன். முசியே என் கையைப் பிடித்தார். "போதும். இன்னும் ரெண்டு எடுக்கற வரைக்கும் இவங்க இதத்தான் சுவாசிச்சிட்டு இருக்கணும்." பிறகு அவரே போய்ச் சன்னல்களைத் திறந்தார். கடற்காற்று உள்ளே பாய்ந்தது. பஞ்சு எழுந்து உத்தரம் வரை பறந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த மதாம் வாசற்படியில் நின்று கத்தினார்.

"முசியே! ஆஸ்பத்திரிப் பஞ்சு! எல்லாம் போச்சு!"

"போவட்டும் மதாம்," என்றார் முசியே.

விதியை மீறலாம் என்று இதைச் சொல்லவில்லை. விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவர் அதை எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதைச் சொல்கிறேன். அந்த ஒரே கண்ணாடியைப் பழைய கண்ணாடிகளோடு வைத்துப் பார்த்தோம். பழையவற்றிலும் அதே நார்த் துணுக்குகள் இருந்தன. தையல் நடக்கும் அறையில் துணி நார் இருக்கத்தானே செய்யும் என்று கடந்து போயிருந்தோம். சுண்ணாம்புத் துகள்களும் இருந்தன. பெரியவை, சீக்கிரம் படிந்துவிடுபவை. அவை விளிம்பில் படிந்ததால் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. படியாமல் நின்றது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக முசியே எழுந்து சொன்னதும், உறுப்பினர் ஒருவர் சிரித்தார்.

"போன வாரம் காளவாய்ன்னீங்க, இந்த வாரம் தலகாணின்றீங்க. அடுத்த வாரம் இன்னா முசியே, கோரப்பாயா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் முசியே சொன்னார்:

"மொதல் அறிக்கை தப்பு. ரெண்டாவதும் தப்பா இருக்கலாம். ஆனா ரெண்டாவதுல, எந்த எந்த நேரத்துல நாங்க அளக்கலேன்னு எழுதியிருக்கேன். மொதல்ல அத எழுதல."

இந்த நீண்ட கதையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். அளந்ததை எல்லாரும் எழுதுகிறார்கள். அளக்காததையும் எழுதுங்கள்.

காளவாயை மூடும் யோசனை கைவிடப்பட்டது. பஞ்சு அடிப்பது பின்கட்டில், வலை கட்டிய திறந்த கொட்டகைக்கு மாறியது. அந்த வருஷ இறுதிக்குள் மெத்தை வேலையையே சங்கம் நிறுத்திவிட்டது; சில பெண்களுக்கு வேலை போயிற்று. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

கூட்டம் முடிந்ததும் முசியே நேராகக் காளவாய்க்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். வீடு காளவாயை ஒட்டியே இருந்தது, சுவரெல்லாம் வெள்ளை. வேகாத கிளிஞ்சல் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. ஆரோக்கியம் அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உங்க காளவாய் இல்லம்மா," என்றார் முசியே. "அங்க அடிக்கற பஞ்சுதான்."

ஒரு நல்ல செய்தியைச் சொன்ன நிம்மதியோடு நான் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் நிம்மதி வரவில்லை. மெல்ல அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான முசியே அவள அங்க சேத்தேன்," என்றார். "சின்னதுலேர்ந்து இந்தப் பொடிலயே கெடந்துதே, நெஞ்சு கெட்டுடப் போவுதுன்னு, மதாம் கால்ல விழுந்து சேத்தேன்."

அளந்து சொல்லிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முசியே தொப்பியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கிளிஞ்சல் குவியலில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவர் கறுப்புக் கால்சட்டை வெள்ளையாகியிருந்தது. தட்டிவிடாமல் அப்படியே தெரு வழியாக நடந்தார்.

ரோசாலியை அதன் பிறகு அம்மா வேலைக்கு அனுப்பவில்லை. மழைக்காலத்தில் இருமல் குறைந்துவிட்டது என்று அந்த அம்மாளே ஒருமுறை என்னிடம் சொன்னார். 1962இல் நான் அந்த ஆய்வகத்தை விட்டு வந்தபோது அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

பஞ்சை விட்டதால் குறைந்ததா, மழையில் காளவாய் எரியாமல் கிடந்ததால் குறைந்ததா? தையற்கூடத்தில், எங்களுக்குத் தெரிந்தவரை, காளவாய் காரணமில்லை. ஆனால் அந்தப் பெண் பிறந்து வளர்ந்தது காளவாயை ஒட்டிய வீட்டில். அந்த வீட்டு அறையில் எவ்வளவு தூசி இருந்தது, அவள் நெஞ்சில் அதன் பங்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது. அன்று பம்புப் பெட்டி என் கையில்தான் இருந்தது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்த பிறகு, அதைத் திறக்கும்படி முசியே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குள் ஒருமுறைகூட அளக்கப்படவில்லை. 'உங்க காளவாய் இல்லம்மா' என்று அவர் சொன்னது, அந்த அளவில், இன்றுவரை சரிபார்க்கப்படாதது.